ஒரு பேனா போதுமே!

"கலர் பென்சில் இல்லை சார், எப்படிப் படம் வரைவது?" சித்தேரி மலையில் என்னிடம் படித்த ஒரு பையன் இப்படிக் கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

துறையூர் அருகே கீராம்பூரில் 1938இல் பிறந்தவர் ஓவியர் கே.எம்.ஆதிமூலம். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1969இல் காந்தி நூற்றாண்டு விழாவையொட்டி, காந்தியடிகளைச் சுமார் 100 கோட்டோவியங்களாக வரைந்தார். கறுப்பு மை, வெள்ளைத் தாள், அவ்வளவுதான்! ஹாலந்து நாட்டு மேதை ரெம்பிராண்ட்கூட 17ஆம் நூற்றாண்டில் நாணல் பேனாவால் மை ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்.

கோடுகளை நெருக்கிப் போட்டால் நிழல். தாளை அப்படியே விட்டால் வெளிச்சம். மைக்கோட்டை ரப்பரால் அழிக்க முடியாது. அதனால் முதலில் நன்றாகப் பார்க்க வேண்டும். பிறகுதான் வரைய வேண்டும்.

மறுவாரம் அந்தப் பையன், சாமைக் கொல்லையில் தனியாகக் காவல் நிற்கும் தன் தாத்தாவை நீல மைப் பேனாவால் வரைந்து வந்தான். சுற்றிலும் வெறும் தாள். "மலையை ஏன் வரையலே?" என்றேன்.

"தாத்தாவைச் சின்னதா வரைஞ்சேன் சார், மலை தானா பெருசாயிடுச்சு!" என்றான்.

அன்று வகுப்பில் பாடம் கற்றவன் நான்தான்! நீங்களும் பேனாவை எடுங்கள், பார்க்கலாம்!