மலைப் பாதையில் மணியோசை

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில், பாதை எல்லோருக்கும் பொதுவானது. சாமை மூட்டையையும் விறகுக் கட்டையும் தலையில் சுமந்து வரும் தாய்மார்களும், ஆடு மாடுகளும், அரசு வழங்கும் விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் மாணவ மாணவியரும் ஒரே வழியில்தான் செல்ல வேண்டியிருக்கிறது. சைக்கிள் தரும் சுதந்திரம் எத்தகையது என்பதை 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக நாட்டுக்குக் காட்டினர். அச்சுதந்திரம் நடந்து செல்வோருக்கு அச்சமாக மாறலாகாது.

சைக்கிள் மணி "விலகு" என்னும் கட்டளையன்று. "பின்னால் வருகிறேன்" என்னும் அறிவிப்பேயாகும். ஆகையால் அதை எப்பொழுது ஒலிப்பது என்பது முக்கியம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள் ஒரு வினாடியில் 4 மீட்டருக்குச் சற்று அதிகமாகக் கடக்கிறது. 10 மீட்டர் தொலைவில் மணியடித்தால், முன்னே நடப்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் மூன்று, நான்கு வினாடிகளே. 30 மீட்டர் தொலைவிலேயே அடித்தால் ஏறக்குறைய 10 வினாடிகள் கிடைக்கும். இறக்கத்தில் வேகம் கூடுவதாலும், பிரேக் பிடித்த பின்பும் வண்டி நெடுந்தூரம் ஓடுவதாலும், அங்கு இன்னும் முன்னதாகவே ஒலித்தல் வேண்டும்.

ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை ஒலித்தால் போதும். ஓயாது ஒலிப்பது நடப்பவரைத் திடுக்கிடச் செய்யும். ஆடு மாடுகளும் மிரளும். பின்னிருந்து ஓசை கேட்டவர் எப்பக்கம் ஒதுங்குவது என்று அறியாமல் வண்டியின் குறுக்கே வந்துவிடுவதுண்டு. "அக்கா, வலப்பக்கமாக வருகிறேன்" என்று உறவுமுறை சொல்லி உரக்கக் கூறினால் அக்குழப்பம் நேராது. அவர் திரும்பிப் பாராவிடின், காது கேளாதவராக இருக்கலாம் எனக் கருதி, வேகத்தைத் தணித்துப் பின்தொடர்தலே முறை.

மலைப் பாதைக்கு மற்றொரு விதியும் உண்டு. ஒருபுறம் மலைச்சரிவும் மறுபுறம் பள்ளமுமாயுள்ள இடத்தில், நடப்பவரைப் பள்ளத்தின் பக்கம் ஒதுங்கச் செய்தல் கூடாது. தலைச்சுமையுடன் செல்பவரால் சட்டெனத் திரும்ப இயலாது. திரும்பினால் சுமை சாயும், காலும் தடுமாறும். அத்தகைய இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, வழி அகன்ற பின் கடப்பதே தக்கது. கடந்ததும் ஒரு நன்றி சொல்வதற்குச் செலவேதுமில்லை.

தலைமையாசிரியர்கள் சைக்கிள் வழங்கும் நாளிலேயே இவற்றைச் செய்து காட்டலாம். மணியும் பிரேக்கும் சரியாயிருக்கின்றனவா என்பதை மாணவர்கள் தாமே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும். ஊர்ப் பெரியோர்கள் கிராம சபைக் கூட்டங்களிலும் இதனை எடுத்துரைப்பார்களாக.