ஆராய்ச்சிப் பரிசும் நாடுகளின் கூட்டுறவும்

ஒரு நாடு தன் பொருளைக்கொண்டு விஞ்ஞானிகட்குப் பரிசளித்தல் உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். அப்பரிசு தன்னாட்டார் ஒருவர்க்கே உரியதாயின், அதனை எவரும் குறைகூறார். பிறநாட்டாருடன் கூடிச் செய்யும் ஆராய்ச்சிக்கென அது வழங்கப்பெறுங்கால், "நம் பணம் கடல் கடந்து செல்வது ஏன்?" என்னும் வினா எழுதல் இயல்பே. இவ்வினாவிற்கு விடைகாண நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளின் தேயிலை மலைகளே தக்க விடை கூறும்.

முதற்கண் இத்தகைய பரிசின் இயல்பினை அறிதல் வேண்டும். ஜெர்மனியில் 1953 ஆம் ஆண்டில் மீண்டும் நிறுவப்பெற்ற ஹம்போல்ட் நிறுவனம், பிறநாட்டு அறிஞர்க்கு ஆராய்ச்சிப் பரிசு நல்கி, ஜெர்மானிய அறிஞரோடு கூடி ஆராயுமாறு அவர்களை அழைக்கின்றது. வளரும் நாடுகளின் இளங்கணித அறிஞர்க்கென 2005 ஆம் ஆண்டு முதல் வழங்கப்பெற்ற இராமானுசன் பரிசிற்குப் பின்னர் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை பொருளுதவி புரிய முன்வந்தது. அப்பெயர் பொருத்தமுடைத்து. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்த இராமானுசனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913 இல் மாதம் 75 ரூபாவும், 1914 இல் கேம்பிரிட்ஜ் சென்று பயிலுதற்கு ஆண்டொன்றுக்கு 250 பவுணும் உதவித்தொகையாக அளித்தது. கடல் கடந்த அப்பணமே ஹார்டியோடு அவர் செய்த ஆராய்ச்சியாய் மலர்ந்து, உலகிற்கே உரிய செல்வமாயிற்று.

கணிதம் ஏட்டளவில் நிகழ்வது. மலையகத்திலோ, கூட்டுறவின் இன்மையும் உண்மையும் மக்களின் உணவையே பாதித்தன. இம்மலைகளில் முதலிற் செழித்தது தேயிலையன்று, கோப்பியே. 1869 ஆம் ஆண்டில் கோப்பி இலைகளிற் செம்மஞ்சள் நிறத் துகள் படிந்தமை காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பேர்க்லி என்னும் அறிஞர்க்கு அனுப்பினார். அவர் அந்நோய்க்குக் காரணமான பூஞ்சணத்திற்குப் பெயரிட்டார். ஆயின், பெயரிடுதல் நோய் தீர்த்தல் ஆகாது. நோயினை நேரில் ஆராய மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கு வந்தது 1880 இலேயே. நோயின் வித்துகள் காற்றிற் பரவி இலையைப் பற்றும் முறையினை அவர் தெளிவாகக் காட்டினார். அதற்குள் பதினோராண்டுகள் கழிந்துவிட்டன. கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அவற்றை நம்பி வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையிழந்து தம்மூர் மீண்டனர். அறிவு காலந்தாழ்த்து வந்தமையின் விலை அது.

ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையிற் பயிரிட்ட தேயிலை, பின்னர் அவ்விடத்தை நிரப்பிற்று. கோப்பி தந்த படிப்பினை முற்றும் மறக்கப்படவில்லை. 1925 இல் இயற்றப்பெற்ற சட்டத்தின்வழித் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றிப் பின்னர்த் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது விதிக்கப்பெற்ற வரியே அதனைத் தாங்கியது. எனவே, கொழுந்து பறிக்கும் பெண்டிரின் உழைப்பும் அவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று என்பது மிகையன்று.

அந்நிலையத்தின் அரிய வெற்றிகளுள் ஒன்று, அயல்நாட்டினின்றும் வந்த ஒரு சிறு குளவியாற் கிடைத்தது. இலைகளை நூலிழையாற் பிணைத்து, உள்ளிருந்து தின்னும் இலைசுருட்டிப் புழு தேயிலைக்குப் பெருங்கேடு விளைத்துவந்தது. யாவாத் தீவில் அப்புழுவினுடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் குளவியொன்று உண்டு. 1935, 1936 ஆம் ஆண்டுகளில் அது இங்குக் கொணரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. நஞ்சு தெளிக்காமலே புழு அடங்கிற்று. கோப்பிக்குக் கிடைக்காத உதவி தேயிலைக்குக் காலத்திற் கிடைத்தது.

ஆனால், கிடைத்த அறிவினைப் பேணாவிடின் அதுவும் நில்லாது. 1960 ஆம் ஆண்டினை அடுத்த காலத்தில், தேயிலைத் தண்டினைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அந்நஞ்சு குளவியையும் கொன்றமையால் அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. இரவல் பெற்ற தீர்வு ஒருபுறமிருக்க, அதனை நாடோறும் கண்காணிக்கும் உள்ளூர் அறிவும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

நோய்களும் நாட்டெல்லையை மதிப்பதில்லை. 1868 இலேயே அசாமில் அறியப்பட்ட கொப்புள நோய், 1946 இல் தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒருங்கே பற்றியது. செப்புக் கலவைகளால் அதனைக் கட்டுப்படுத்தும் முறை பின்னர் வழக்கிற்கு வந்தது. நோய் வரும் வழி திறந்திருக்க, அறிவு வரும் வழியை அடைத்துவைத்தல் பேதைமையன்றோ?

ஆகவே, கூட்டாராய்ச்சிக்குப் பரிசு நல்குவோர் மூன்றினை மனங்கொள்ளல் நன்று. முதலாவது, முடிந்த பணியைப் பாராட்டுவதோடமையாது, இனிச் செய்யவேண்டிய பணிக்கு அப்பரிசு துணையாதல் வேண்டும். இரண்டாவது, அயல்நாட்டறிஞர் வந்து சென்றபின்னும் பணியைத் தொடரவல்ல உள்ளூர் இளைஞர் உடன் பயிற்சி பெறுதல் வேண்டும். மூன்றாவது, கண்ட முடிவு ஆய்வேட்டில் உறங்காது, தோட்டத்தில் உழைப்போர் மொழியில் அவர்களைச் சென்றடைதல் வேண்டும்.

இவற்றுள் இரண்டாவதே நம் மாணவர்க்கு நேரே உரியது. இலையில் முதற் புள்ளி தோன்றும்போது அதனைக் காணும் கண்கள் கொழுந்து பறிப்போருடையவை. அவர்தம் மக்கள் தாவரவியலும் பூச்சியியலும் கற்று ஆராய்ச்சிக்கூடத்தினுட் புகுவாராயின், கண்டவரும் ஆராய்பவரும் ஒருவரேயாவர். அத்தகையோரைப் பிறநாட்டு அறிஞரோடு சமமாக அமரச்செய்யும் பரிசிற்குச் செலவிடும் பொருள், ஒருபோதும் கடல் கடந்து போனதாகாது. இம்மலைகளுக்கே அது மீண்டு வரும்.