உங்களுக்குத் தெரியுமா? கடல்நீர் பட்ட காயம்

2004 டிசம்பர் 26 அன்று சென்னை பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தையும் சுனாமி தாக்கியது. அதே அலையில் தாய்லாந்தில் காயம்பட்டு ஜெர்மனி திரும்பிய பயணிகள் சிலரின் புண்களில், பல மருந்துகளுக்கும் மசியாத பாக்டீரியாக்கள் கூட்டமாக இருந்தன. சேறும் கடல்நீரும் புகுந்த காயத்தை உடனே தைப்பது கிருமியை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். நன்றாகக் கழுவி, செத்த சதையை நீக்கி, சில நாள் திறந்து வைத்த பிறகே தைப்பார்கள்.

காயத்தில் கிருமி புகச் சுனாமிதான் வரவேண்டும் என்றில்லை. வெதுவெதுப்பான கடலிலும் கழிமுகத்திலும் வாழும் ‘விப்ரியோ வல்னிஃபிகஸ்’ என்ற பாக்டீரியா உடலுக்குள் நுழைய ஒரு மீன்முள் குத்தினாலே போதும். அபூர்வம்தான், ஆனால் ரத்தத்தில் கலந்து ‘செப்சிஸ்’ ஆகிவிட்டால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். கல்லீரல் கெட்டவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. (குடிப்பழக்கம் உள்ளவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.)

கெளுத்தியோ திருக்கையோ குத்தினால், உடனே நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுண்ணாம்பு தடவ வேண்டாம். குளிர்காய்ச்சல், மேல்மூச்சு, பேச்சில் தடுமாற்றம், காயத்தைச் சுற்றிக் கருநீலக் கொப்புளம் இவற்றில் எது வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கடல்நீரில் பட்ட காயம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.