சிக்கின் மூலம் நுனியில்

பாறையேறப் பழகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "60 மீட்டர் கயிற்றை வட்டம் வட்டமாக ஒழுங்காகத்தான் சுருட்டி வைக்கிறேன். அடுத்த வாரம் எடுத்தால் ஒரே சிக்கு. என்ட்ரோபி என்கிறார்களே, அதுதான் காரணமா?"

என்ட்ரோபி பாவம், யார் என்ன பழி போட்டாலும் சுமக்கும். அலமாரியில் அசையாமல் கிடக்கும் கயிறு தானாக முடிச்சுப் போட்டுக்கொள்ளாது. அதை யாராவது குலுக்க வேண்டும். நுழைந்து புறப்பட ஒரு நுனியும் சும்மா இருக்க வேண்டும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் இருவரும் ஒரு நூலைப் பெட்டியில் போட்டுச் சுழற்றினார்கள், திறந்து பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள். இப்படி 3,415 தடவை. 2007-இல் முடிவு வெளியானது. 46 செ.மீ.க்குக் குறைந்த நூலில் முடிச்சு விழவில்லை. ஒன்றரை மீட்டரைத் தாண்டியதும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி விழுந்தது. மொத்தம் 120 வகை. மறு ஆண்டே இக் நோபல் என்ற நையாண்டிப் பரிசு. பையில் போட்ட இயர்ஃபோன் ஏன் சிக்குகிறது என்ற புதிரே தீர்ந்துவிட்டதுபோல் பேச்சும் கிளம்பியது. ஆனால் பெட்டி நூல் வேறு, பத்து மில்லிமீட்டர் கயிறு வேறு. விறைப்பு கூடினால் முடிச்சு குறையும் என்று அதே ஆய்வுதான் சொல்கிறது. அந்த எண்களை அப்படியே நம் கயிற்றுக்கு ஒட்டவைக்க முடியாது.

எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் சொன்ன வழிமுறையை. பெட்டியில் விழும் நூல் வளையம் வளையமாகப் படிகிறது. அதனால் பல இழைகள் அருகருகே, ஒரே திசையில் ஓடுகின்றன. நுனி அவற்றின் ஓரத்தில் கிடக்கிறது. ஒரு குலுக்கலில் அது பக்கத்து இழையின் மேலே ஏறுகிறது. அடுத்த குலுக்கலில் அதற்கு அப்பால் உள்ளதன் அடியில் நுழைகிறது. மேலே, கீழே, மறுபடி மேலே. யாரும் திட்டமிடாமலே பின்னல் விழுந்துவிடுகிறது. வாசகரின் ஒழுங்கான வட்டங்கள் நுனிக்குப் பாதை போட்டுக் கொடுக்கின்றன!

வட்டத்துக்கு இன்னொரு வினையும் உண்டு. சுருளை உருட்டிப் பிரிக்காமல் பக்கவாட்டில் உருவினால், வட்டத்துக்கு ஒரு முழு முறுக்கு ஏறும். ஒன்றரை மீட்டர் வட்டமென்றால் 60 மீட்டருக்கு 40 முறுக்கு. அந்த முறுக்கு நுனிவரை ஓடி வெளியேற வேண்டும். வழியில்லாவிட்டால் கயிறு தன்மேலேயே சுருண்டுகொள்ளும்.

வரலாறு இல்லாமல் கட்டுரை முடியாதாம். 1953-இல் ஜெர்மனியின் எடல்ரிட் நிறுவனம், உள்ளே இழைக்கற்றையும் வெளியே பின்னிய உறையுமாக கெர்ன்மான்டல் கயிற்றைக் கொண்டுவந்தது. முந்தைய புரிக்கயிறுகளுக்கு முறுக்கு பிறவிக்குணம். இதற்கு நாம்தான் ஏற்றிவிடுகிறோம்.

அனுபவசாலிகள் கயிற்றைத் தோளில் இடமும் வலமுமாக மாற்றி மாற்றி மடித்துப் போடுவார்கள். புடவைக் கொசுவமேதான். இடப்பக்க மடிப்பின் முறுக்கை வலப்பக்க மடிப்பு தீர்த்துவிடுகிறது. கஞ்சி போட்ட பருத்தியில் மடிப்பு நிற்கும், ஷிபானில் நழுவும். விறைத்த கயிறும் துவண்ட கயிறும் அப்படியே. புடவையின் ஒரு தலைப்பு இடுப்பில் செருகியிருக்கிறது, முந்தானை ஊக்கில் நிற்கிறது; எனவே இரு நுனிக்கும் ஊர்சுற்ற வழியில்லை. என்ன, 60 மீட்டர் என்பது பதினோரு புடவை. அத்தனை கொசுவத்தை எந்த இடுப்பு தாங்கும்? அதனால்தான் தோள்.

பை வைத்திருப்பவர்களுக்கு மடிப்பே தேவையில்லை. கயிற்றை ஒரு முனையிலிருந்து குவியலாக விட்டுக்கொண்டே போய், அடிநுனியையும் மேல்நுனியையும் பையின் இரு காதுகளில் கட்டினால் போதும். கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டலாம். ஆனால் நிஜ முடிச்சு விழாது. பொறுமையாகப் பிரித்தால் அவிழ்ந்தே தீரும், பையையே கண்ணிக்குள் நுழைக்காதவரை. சிக்கே விழாது என்று விளம்பரப்படுத்தும் கயிற்றுக்கும் இரண்டு நுனி உண்டு என்பதை வாங்கும்போது நினைவில் வைக்கலாம்.

நுனியைக் கட்டினால் முடிச்சு தப்பும். ஆனால் ஏற்கெனவே ஏறிய முறுக்கு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அவிழ்த்துவிட்டால் முறுக்கு போகும், முடிச்சு வரும். இரண்டையும் ஒரே சமயத்தில் தீர்க்கும் சுருட்டல் கிடையாது. ஆகவே வைக்கும்போது கட்டிவையுங்கள். கயிறு முரண்டு பிடிக்கத் தொடங்கினால், பாதுகாப்பான உயரத்திலிருந்து முழு நீளத்தையும் தொங்கவிட்டு உதறுங்கள். கீழ்நுனி சுழன்று நிற்கும்வரை அவசரப்படாதீர்கள்.