கமராவும் கையுமாக: பத்திரிகைப் படப்பிடிப்பில் இறங்க விரும்பும் இளைஞருக்கு

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வீட்டுக்கு வந்தவுடன் நம் கண் முதலில் எங்கே செல்கிறது? தலைப்பைப் படிக்குமுன்னரே படத்தைப் பார்த்துவிடுகிறோம். எழுத்தறியாத மூதாட்டியும், இன்னும் எழுத்துக் கூட்டத் தொடங்காத பேரனும் பத்திரிகையில் பங்கு கொள்வது படத்தினாலேதான். அத்தகைய படமொன்று தம் பெயரோடு வெளிவர வேண்டும் என்னும் ஆசை கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய நம் கரையோர ஊர்களின் இளைஞர் பலருக்கு உண்டு.

ஆசை இருந்தும் வழி தெரிவதில்லை. ‘கொழும்பிலே ஆள் தெரியாமல் இது நடக்காது’ என்று சிலர் சோர்ந்துவிடுகின்றனர். ‘நல்ல கமரா வாங்க வசதியில்லையே’ என்று வேறு சிலர் ஏங்குகின்றனர். பெற்றோரோ, ‘இதனால் ஒரு வேளைச் சோறாவது கிடைக்குமா?’ என்று கேட்கின்றனர்.

இக்கவலைகள் யாவற்றுக்கும் அடியிலே ஒரு கேள்வி கிடக்கிறது. பத்திரிகையின் கதவு எதனால் திறக்கிறது? நம்பிக்கையினால் என்பதே நமது விடை. ‘இவர் அனுப்பும் படமும் அதன் குறிப்பும் மெய்யானவை’ என்று ஆசிரியர் நம்ப வேண்டும். ‘இவர் நம்மைத் தலைகுனிய வைக்கமாட்டார்’ என்று ஊரார் நம்ப வேண்டும். இவ்விரண்டும் வாய்த்தவருக்குச் சிபாரிசும் விலையுயர்ந்த கருவியும் பின்னர் தேடிக்கொள்ளத்தக்கவையே.

படமொன்றுக்கு ஒரு ரூபாய்

இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா அம்மையாரின் தொடக்கத்தைப் பாருங்கள். 1913 இல் குஜராத்தின் நவசாரியிற் பிறந்த பார்ஸிப் பெண்மணி அவர். தந்தையார் நாடக நடிகர். பம்பாய் ஜே. ஜே. கலைக் கல்லூரியிற் பயின்ற அம்மையார், பின்னாளில் தமக்குக் கணவராக வாய்த்த மானெக்ஷாவிடம் படம் பிடிக்கக் கற்றார். அவருடைய முதற் படங்கள் எவற்றைக் காட்டின? மன்னர் பவனியா, மாபெரும் மாநாடா? இரண்டுமல்ல. மகளிர் சங்கமொன்றின் உல்லாசப் பயணத்தைத்தான் அவர் படமாக்கினார். ‘பம்பாய் குரோனிக்கல்’ பத்திரிகை அவற்றை வெளியிட்டு, படமொன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் வழங்கியது.

1942 இல் டில்லி சென்ற அதே கைதான், பிற்பாடு நேருவையும் மவுண்ட்பேட்டனையும், காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தையும் படமாக்கியது. 2011 இல் பத்மவிபூஷண் விருது பெற்ற அம்மையார், 2012 இல் 98 ஆம் வயதில் மறைந்தார். தமக்கு எளிதாக நுழையக்கூடிய இடத்திலே, தம்மை அறிந்தவர் நடுவிலே அவர் தொடங்கினார் என்பதை நம் இளைஞர் மனத்திற் கொள்ள வேண்டும்.

வெளியூரார் காணாதது

நம் கரையில் படத்துக்குப் பஞ்சமில்லை. விடியற்காலையில் கரைவலை இழுக்கப்படுகிறது. மருதமுனையில் கைத்தறி ஓடுகிறது. சம்மாந்துறை வயல்களில் பெரும்போகமும் சிறுபோகமும் மாறி மாறி வருகின்றன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ் நினைவாக ஆண்டுதோறும் கொடியேறுகிறது. அயலிலேயே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பு நடைபெறுகிறது. இவற்றின் நாளும் நேரமும் உள்ளூராருக்கு மனப்பாடம். கொழும்பிலிருந்து வருபவரோ விசாரித்துத்தான் அறிய வேண்டும்.

வெளிச்சத்தின் குணமும் அப்படியே. நமது கடல் கிழக்குப் பார்த்தது. காலையில் கரையில் நின்று கடலை நோக்கிப் படம் எடுத்தால், எதிரே சூரியன் இருப்பதால் வலை இழுப்போர் வெறும் கருநிழல்களாகவே விழுவர். அழகுக்கு அது நன்று. பத்திரிகைக்கோ முகம் வேண்டும். ஆதலின் அலை நுரைக்கும் ஓரத்துக்கு இறங்கி, சூரியனை முதுகுக்குப் பின்னே விட்டு, கரையை நோக்கித் திரும்பி நில்லுங்கள். நெற்றி வியர்வையும் கயிற்றின் முறுக்கும் தெளிவாக விழும். கையசைவு மங்காதிருக்க ஷட்டர் வேகம் விநாடியில் 500 இல் ஒரு பங்காக இருந்தாற் போதும்.

உள்ளூராரால் மட்டுமே செய்யக்கூடிய இன்னொன்றும் உண்டு. ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. அது அமைக்கப்பட்ட காலந்தொட்டு ஒலுவிலிலும், வடக்கே நிந்தவூர்ப் பக்கத்திலும் கடல் கரையை அரித்துத் தென்னைகளையும் காணிகளையும் விழுங்கிய துயரை நாம் அறிவோம். ஓர் இளைஞர் கரையில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, மாதந்தோறும் அதே இடத்தில், அதே திசை நோக்கி, அதே நேரத்தில் ஒரு படம் எடுத்துவந்தால் ஓராண்டில் பன்னிரண்டு படங்கள் சேரும். அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கையில், கடல் எவ்வளவு முன்னேறியது என்பதை எந்தச் சொற்பொழிவும் அவ்வளவு தெளிவாகக் கூறமுடியாது. ஒருநாள் வந்து போகும் பெரிய படப்பிடிப்பாளருக்கு இது இயலாத காரியம். புதியவரின் மூலதனம் அவர் அந்த ஊரில் இருக்கிறார் என்பதே.

படமும் குறிப்பும்

ஆசிரியரின் மேசைக்கு நாள்தோறும் எத்தனையோ படங்கள் வருகின்றன. நல்ல படமாக இருந்தும் பல ஒதுக்கப்படுவதற்குக் காரணம் குறிப்பின்மையே. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்னும் ஐந்துக்கும் விடை தரும் இரண்டு வாக்கியங்கள் ஒவ்வொரு படத்தோடும் செல்ல வேண்டும். பெயர்களை உரியவரிடமே எழுதிக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அவருக்கு அது வேறொருவர் பெயர்தான். ஒரே நிகழ்ச்சியில் இடம் முழுவதையும் காட்டும் படம் ஒன்று, செயலைக் காட்டும் படம் ஒன்று, முகத்தையோ கையையோ அண்மையிற் காட்டும் படம் ஒன்று என மூன்று அனுப்பினால், பக்கத்தை அமைப்பவர் தமக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்வார். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் நுட்பம் குறைந்துவிடும். மின்னஞ்சலிலோ கோப்பாகவோ அனுப்புவதே தக்கது. மாலையில் நடந்ததை மறுநாள் நண்பகலில் அனுப்பினால் அச்சுக்கு உதவாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, படத்தில் கைவைக்கலாகாது என்பது. வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டலாம், ஓரத்தை வெட்டலாம். இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை அழிப்பதும் பொய்ச்சாட்சி. 2006 ஆகஸ்டில் பெய்ரூத் நகரிலிருந்து வந்த படமொன்றில் புகை மிகுதியாகக் காட்டப்பட்டது தெரியவந்தபோது, ரொய்ட்டர் நிறுவனம் அந்தப் படப்பிடிப்பாளரின் தொடர்பைத் துண்டித்ததோடு, அவர் எடுத்த 920 படங்களையும் விற்பனையிலிருந்து அகற்றியது. ஒரு படத்தின் பொய், மற்றெல்லாப் படங்களின் மெய்யையும் கொண்டுபோயிற்று. சொல்லளவில் கேட்டாலே இயந்திரம் படம் வரைந்து தரும் இக்காலத்தில், ‘நான் அங்கே நின்று கண்டேன்’ என்று சொல்லக்கூடிய ஒருவரின் படத்துக்கு மதிப்பு முன்னரிலும் கூடியுள்ளது.

கேட்டு எடுத்தல்

இனி ஊராரின் நம்பிக்கை. கரையில் வலை இழுப்பவரிடம், ‘காக்கா, பேப்பருக்கு ஒரு படம் எடுக்கட்டா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எந்தப் பேப்பர் தம்பி?’ என்ற கேள்வி உடனே வரும். ‘இன்னம் எந்தப் பேப்பரிலயும் இல்ல காக்கா. நல்லா வந்தா அனுப்பிப் பாக்கப் போறன்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பொய்ப் பெயர் சொல்லி எடுத்த படத்தைவிட, மெய் சொல்லி இழந்த படம் மேல். நாளையும் அதே கரைக்குத்தானே போக வேண்டும்!

தம் படம் வெளிவருவதை விரும்பாத பெண்கள் நம் ஊர்களிற் பலர். ‘வேண்டாம் மகன்’ என்று ஒரு தாய் சொன்னால் கமராவைத் தாழ்த்திவிடுவதே பண்பு. பள்ளிவாசலாயினும் கோயிலாயினும் பொறுப்பாளரின் அனுமதி முதலில் வேண்டும். பாடசாலைச் சிறுவரைப் படமெடுக்க அதிபரையும் பெற்றோரையும் கேட்க வேண்டும். படம் வெளிவந்தால் பத்திரிகையின் பிரதியொன்றை எடுத்துச் சென்று உரியவரிடம் கொடுங்கள். அடுத்த முறை அவரே உங்களை அழைப்பார்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று கேட்பீர்களாயின், அம்பாறை நகரில் 2018 பெப்ரவரி இறுதியில் நிகழ்ந்ததை நினையுங்கள். ஓர் உணவகத்தின் உணவிலே கருத்தடை மருந்து கலக்கப்பட்டதாக வதந்தி எழுந்தது. கடைக்காரரை நெருக்கி விடை வாங்கிய காணொளி கைக்குக் கை பரவிற்று. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிற் கிடந்தது வெறும் மாவுக் கட்டியே என்று அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் தெரிவித்தது. அக்காணொளியிற் கண்ட மனிதர் மெய். அதற்குச் சூட்டப்பட்ட பொருளே பொய். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் நம் மாவட்டத்தில், படத்தின் கீழ் எழுதும் ஒரு வரி வீட்டைக் காக்கவும் செய்யும், எரிக்கவும் செய்யும். அறியாததை எழுதாதிருப்பது படப்பிடிப்பாளரின் முதற் கடமை.

துயரின் முன்னே

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் 10,000 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அதே பேரலை தாக்கிய தமிழ்நாட்டுக் கடலூரில், இரண்டு நாட்களுக்குப் பின் ஆர்கோ தத்தா என்னும் இந்தியப் படப்பிடிப்பாளர் எடுத்த படம், அவ்வாண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் படமாகத் தெரிவாயிற்று. மணலிலே விழுந்து கதறும் ஒரு பெண். ஓரத்திலே இறந்த உறவினரின் கை மட்டும். இறந்தவரின் முகம் அதில் இல்லை. காட்டாது விட்டதனாலேயே அத்துயர் உலகத்தின் நெஞ்சைத் தொட்டது.

2024 நவம்பர் 26 அன்று காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில், மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டுச் சிறுவர்கள் உயிரிழந்தனர். இத்தகைய வேளையில் நம் ஊரிலே யாவர் கையிலும் கமரா இருக்கிறது. இறந்த பிள்ளையின் முகத்தைத் தாய் முதன்முதலிற் காண்பது யாரோ ஒருவரின் கைத்தொலைபேசியிலாக இருக்கலாமா? வெள்ளம் மூடிய வீதி, கயிறு பிடித்து இறங்கும் மீட்பாளர், கரையிற் காத்து நிற்போரின் முதுகுகள் ஆகியவை செய்தியைச் சொல்லப் போதும். மீட்புக்குக் கை தேவைப்படுமாயின், கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கையைக் கொடுப்பதே மனிதத் தன்மை.

இன்னொரு கடமையும் உண்டு. மாரியில் நீர் மேவும் வீதிகளும், உடைந்த மதகுகளும், தடுப்பில்லாத பாலங்களும் எங்கே உள்ளன என்று உள்ளூராருக்குத் தெரியும். விபத்தின் பின் எடுத்த படத்தைப் பலர் பார்ப்பர். மழைக்கு முன்னே, குறிப்போடு, ஆதாரத்தோடு வெளிவரும் படமோ அதிகாரிகளின் கண்ணைத் திறக்கக்கூடும். ஓர் ஊர்ப் படப்பிடிப்பாளர் தம் ஊருக்குச் செய்யக்கூடிய பெரும் பணி அதுவேயாகும்.

கூலியும் பெயரும்

பெற்றோரின் கேள்விக்கும் நேர்மையாக விடை கூற வேண்டும். நம் நாட்டில் பிரதேச நிருபர் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் இல்லை. வெளிவந்த செய்திக்கும் படத்துக்கும் கணக்கிட்டுக் கொடுப்பதே வழக்கம். ஆதலின் தொடக்கத்தில் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துதல் அரிது. கலியாண வீட்டுப் படப்பிடிப்போ வேறு தொழிலோ கைவசம் இருக்கட்டும். மாணவராயின் படிப்பு முன்னே நிற்கட்டும். கலியாண வீட்டில் மங்கிய வெளிச்சத்தில் விரைந்து வேலை செய்து பழகியவருக்குச் செய்திக் களம் புதிதாகத் தோன்றாது. தொடர்ந்து அனுப்பி ஒரு பத்திரிகையின் நிருபரானால், நிறுவனத்தின் மூலம் அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் ஊடக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வழி பிறக்கும்.

கூலி சிறிதாயினும் பெயரை விட்டுக்கொடுக்காதீர்கள். வியாரவாலா அம்மையாரின் தொடக்ககாலப் படங்கள் கணவரின் பெயரிலேயே வெளிவந்தன. இன்றைய இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்துக்கும் பதிப்புரிமைப் பாதுகாப்பு அளிக்கிறது. படத்தை அனுப்பும்போதே, ‘என் பெயருடன் வெளியிடுக’ என்று பணிவாக எழுதுங்கள். மூலப்படத்தை நாளும் இடமும் குறித்துப் பத்திரமாக வையுங்கள். பெயர் வேண்டுவது வெறும் புகழுக்காக அன்று. படத்தில் பிழையிருப்பின் யாரைக் கேட்பது என்று வாசகருக்குத் தெரிய வேண்டுமன்றோ? பெயரிடுதல் பொறுப்பேற்றலாகும்.

முதலிற் பத்துப் படங்கள் திரும்பி வரலாம். விடையே வாராமலும் போகலாம். வெளிவந்த படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். குறை தெரியும்; மறுபடி அனுப்புங்கள். கையிலுள்ள கமரா எதுவாயினும் ஆகுக. நாளை சுபஹுத் தொழுகை முடிந்து கடற்கரைக்குப் போகும்போது, ஒரு குறிப்புப் புத்தகத்தையும் பேனாவையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள மறவாதீர்கள்.