கொள்ளிடக் கரையில் ஓர் அடைக்கலம்

மலை ஏறித்தான் மாதாவைப் பார்ப்பேன் என்றால் பாடாலூர்க்காரர் சென்னைப் பரங்கிமலைக்கு பஸ் பிடிக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் அர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டிக் கொடுத்த படிகளில் மூச்சு வாங்க ஏறலாம். பாடாலூரிலேயே பூமலை இருக்கிறது. ஆனால் அது அனுமனான சஞ்சீவிராயருக்கு உரியது. நம் பக்கத்து மாதாவோ சமவெளியில், கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் இருக்கிறாள்.

அரியலூர் போய், கீழப்பழுவூர் வழியாகத் திருமானூர்ப் பக்கம் இறங்க வேண்டும். பாதி வழி சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே போகும். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் சிமென்ட் தூசி உள்ளே வந்துவிடும். ஆற்றை நெருங்க நெருங்கத்தான் வயல் வருகிறது, பச்சை வருகிறது.

இந்த ஆறுதான் அன்று எல்லை. தெற்கே தஞ்சை மராட்டியர் ஆட்சி, வடக்கே அரியலூர் மழவராயர்களின் பாளையம். 1693-இல் ஓரியூரில் கிறிஸ்தவத் துறவி அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். 1701-இல் தஞ்சையில் சகஜி மன்னர் காலத்தில் கிறிஸ்தவர்கள் மீது கெடுபிடி இறுகியது. அப்படிப்பட்ட காலத்தில் அக்கரையிலிருந்து தப்பி வருகிறவனுக்கு ஏலாக்குறிச்சி எவ்வளவு வசதியான இடம் என்று வரைபடத்தைப் பார்த்தாலே புரியும். அடைக்கல மாதா என்ற பெயரில் பக்தியோடு இந்த நிலவியலும் இருக்கிறது.

1710-இல் இந்தியா வந்த இத்தாலிய சேசு சபைத் துறவி பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர், இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தார். அரியலூர் அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை என்னும் கட்டி வந்து வைத்தியர்கள் கைவிட்டபோது, முனிவர் மாதாவை வேண்டிச் சேற்றைக் குழைத்துப் பூசிக் குணப்படுத்தினார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. மழவராயர் கோயிலுக்கு நிலம் விட்டு, கல்வெட்டும் பொறித்து வைத்தார். சேறு குணமாக்கியதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. தன் மதம் மாறாத ஒரு பாளையக்காரர் மாதாவுக்கு மானியம் எழுதிக் கொடுத்தாரே, எனக்கு அதுதான் பெரிய அற்புதம்.

மெழுகுவர்த்தி ஏற்ற வருகிறவர்களில் பலருக்கு அதற்கடுத்த கதை தெரிவதில்லை. வீரமாமுனிவர் இங்கே வேதியர்களுக்கு, அதாவது மறை போதிக்கும் உபதேசியார்களுக்கு, பள்ளி நடத்தினார். தாமே அவர்களுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக் கொடுத்தார். இந்த ஊர் மாதாவின் மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். 3,615 பாடல்களில் தேம்பாவணி, 1732-இல் சதுரகராதி என்று மனிதர் ஓயவே இல்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் இன்று நாம் எழுதும் வேறுபாட்டைக் கொண்டுவந்தவரும் அவரே. பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் ஊர்ப் பலகையில் முதல் எழுத்தைப் பாருங்கள். அந்த ‘ஏ’வின் கீழே இழுத்த கோடு அவர் கைங்கரியம்.

போகிறவர்கள் திருவிழாக் கூட்டத்தைத் தவிர்த்துச் சாதாரண நாளில் போங்கள். தேர்பவனி அழகுதான், ஆனால் அன்றைக்குக் கல்வெட்டை நின்று பார்க்க இடம் கிடைக்காது. குளத்துப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். வெயிலுக்கு முன்னால் போய்விடுவது நல்லது. மத்தியானம் அரியலூர் வெயில் யாருக்கும் சலுகை காட்டாது.

அடுத்த வாரம் விருத்தாசலம் பக்கம் கோணாங்குப்பம் போகிறோம். இதே முனிவர் மாதாவுக்குத் தமிழ்ப் பெண்ணைப்போலச் சேலை உடுத்திப் பார்த்தது அங்கேதான்.