எவர்சில்வர் பிளேட் ஏன் எக்கிக்குது?

போன எபிசோடுக்கு அப்புறம் பாலசமுத்திரத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். பழநிக்குப் பக்கத்துல, பாலாறு பொருந்தலாறு அணை இருக்கே, அந்தப் பக்கத்து ஊர். வெல்டிங் பட்டறையில வேலை. 20 மில்லிமீட்டர் கனத்துல ரெண்டு எஸ்.எஸ். பிளேட், ஒரு பக்கம் மட்டும் 'வி' வெட்டி, நாலு டாக் போட்டு, இந்த முனையில ஆரம்பிச்சு அந்த முனை வரைக்கும் மடமடன்னு வெல்டு வச்சிருக்கார். ஆறினதும் பார்த்தா, ரெண்டு ஓரமும் மேல தூக்கிக்கிச்சு, திறந்து வச்ச புத்தகம் மாதிரி. "பிளேட் காசை சம்பளத்துல பிடிப்பேன்னு ஓனர் சொல்றாருண்ணே, என் மேல என்ன தப்பு?"ன்னு கேக்குறார்.

தப்பு பாதி அந்த உலோகத்தோட குணத்துல இருக்கு தம்பி. சாதா இரும்பு ஒரு மீட்டர் நீளத்தை 100 டிகிரி சூடாக்கினா சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். நாம எவர்சில்வர்னு சொல்ற 304, 316 வகையெல்லாம் சுமார் 1.7 நீளும். அதோட, சூட்டைக் கடத்துறதுல சாதா இரும்புல மூணுல ஒரு பங்குதான். அதாவது சூடு பரவாம வெல்டு வச்ச இடத்துலயே தேங்கி நிக்கும். அந்த இடம் விரியப் பார்க்கும், சுத்தி இருக்கிற குளிர்ந்த உலோகம் விடாது. ஆறும்போது சுருங்கும், அப்போ பக்கத்துல இருக்கிறதையும் சேர்த்து இழுக்கும். 'வி'யோட வாய் மேல அகலம், அடியில குறுகல். அகலமான பக்கம் அதிகமா இழுக்கும். அதனாலதான் ஓரம் தூக்குது.

இது சின்னப் பட்டறைப் பிரச்சினைன்னு நினைச்சுடாதீங்க. கல்பாக்கத்துல கட்டின அதிவேக ஈனுலையோட முக்கியக் கலன் 316 எல்.என். வகை துருப்பிடிக்காத எஃகு. விட்டம் கிட்டத்தட்ட 13 மீட்டர், உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. அவ்வளவு பெரிசை ரோட்டுல கொண்டு வர முடியாது. அதனால அங்கேயே பட்டறை போட்டு, தகடுகளைச் சேர்த்து வெல்டு வச்சாங்க. எல் அண்ட் டி செஞ்ச வேலை. வட்டம் மில்லிமீட்டர் கணக்குல சரியா வரணும். ஏன்னா அதுக்குள்ள 1,000 டன்னுக்கு மேல திரவ சோடியம் நிக்கும். நிலநடுக்கத்துல அது அலைமோதும்போது, வட்டம் கோணலா இருந்தா சுவர் நசுங்கிக்கொடுக்கிற வாய்ப்பு கூடும். 2009 டிசம்பர்ல அந்தக் கலனை உலைக்குழிக்குள்ள இறக்கினாங்க.

பிரான்ஸ்ல ஈட்டர்னு அணு இணைவுத் திட்டம். அதோட வெற்றிடக் கலன் பாகங்கள்ல 60 மில்லிமீட்டர் தகடெல்லாம் வருது. ஒவ்வொரு பாகமும் சுமார் 440 டன். 2022 மே மாசம் முதல் தொகுதியைக் குழிக்குள்ள இறக்கினாங்க. அந்தப் பாகங்களோட ஓரங்கள், அதாவது பக்கத்துப் பாகத்தோட வெல்டு ஆக வேண்டிய விளிம்புகள், வரைபடத்துல இருந்து விலகியிருந்துச்சு. அதைச் சரிசெய்யாம மேல போக முடியலை. 2023 ஜூலையில திரும்ப வெளிய தூக்கினாங்க. உலகத்துலயே பெரிய பெரிய ஆளுங்களுக்கே இந்த நிலைமைன்னு ஓனர்கிட்ட சொல்லலாம், சம்பளத்தைப் பிடிக்காம விடுவாரான்னு தெரியலை!

சரி, என்ன செய்யணும்? ரெண்டு பக்கமும் 'வி' வெட்டுங்க. முதல்ல வெல்டு வைக்கிற பக்கம் ஆழம் கம்மியா இருக்கட்டும், ஏன்னா முதல் பக்கம்தான் அதிகம் இழுக்கும். வேரை வச்சதும் பின்பக்கம் கிரைண்டரால தோண்டி சுத்தம் பண்ணிட்டு, பிளேட்டைத் திருப்பித் திருப்பி வைங்க. டாக் சாதா இரும்புக்குப் போடுறதை விட நெருக்கமா வேணும். ஒரே ஓட்டமா போகாதீங்க. மொத்த வேலை இடமிருந்து வலமா நகர்ந்தாலும், ஒவ்வொரு சின்னத் துண்டையும் வலமிருந்து இடமா இழுங்க. அடுத்த பாஸுக்கு முன்னாடி 150 டிகிரிக்குக் கீழ ஆறட்டும். இங்கதான் எல்லாரும் அவசரப்படுறாங்க. ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு இழுப்பு இருக்குங்கிறதால, மெல்லிசா முப்பது பாஸ் போடுறதும் நல்லதில்லை.

கிளாம்பை மட்டும் நம்பாதீங்க. அது வளைவைத் தடுக்கும், ஆனா இழுப்பு உள்ளேயே பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். கழட்டினா கொஞ்சம் துள்ளும். அதனால முழுசா ஆறுற வரைக்கும் கழட்டாதீங்க.

சாதா இரும்பை கேஸ் டார்ச்சால சூடு காட்டி நிமிர்த்துவாங்க இல்லையா, அது இங்க வேணாம். 450லிருந்து 850 டிகிரி வரைக்கும் நேரம் போனா குரோமியம் கார்பனோட சேர்ந்து ஒதுங்கிடும், அப்புறம் அந்த இடத்துல துரு பிடிக்கும். 'எல்' போட்ட கிரேடுல இந்த ஆபத்து குறைவு.

இப்போ கெட்டுப்போன பிளேட்டு. தூக்கிப்போட வேணாம் தம்பி. கவுத்து வச்சு, பின்பக்கத்துல வெல்டு வேரைக் கொஞ்சம் ஆழமாத் தோண்டுங்க. அங்க வைக்கிற வெல்டு எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒரு பாஸ், ஆறவிட்டு நேர்ச்சட்டம் வச்சுப் பாருங்க, அப்புறம் அடுத்தது. சட்டம் உக்காந்த இடத்துல நிறுத்திட்டு, மிச்சப் பள்ளத்தை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி நிரப்புங்க. முடிச்சதும் ஒரு போட்டோ அனுப்புங்க.